15+10 ரேபிட்: ஆறாம் வரிசையில் நின்ற ரூக் ஏன் எச்8க்குப் போனது?

கொக்குவில்_ரூக்

கடந்த ஞாயிறு யாழ் நகரில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்த ஒருநாள் ரேபிட் (வேக) சதுரங்கப் போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். ஆறாம் சுற்றில் இரண்டாம் பலகையில் நடந்த ஆட்டத்தைப் பற்றி இங்கே கதைக்க வேணும் போல இருக்கிறது. இரண்டு பேரும் போட்டிகளுக்குத் தொடர்ந்து வருகிறவர்கள். பெயர் வேண்டாம், வெள்ளை கறுப்பு என்றே எழுதுகிறேன். ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 10 செக்கன் கூடும்.

தொடக்கம் காரோ-கான். (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை; முதலில் வெள்ளையின் நகர்வு, பிறகு கறுப்பின் நகர்வு.) ஈ4 சி6, டி4 டி5, ஈ5 பிஷப் எஃப்5, பிறகு வெள்ளை எச்4. இந்த இடத்தில் கறுப்பு யோசிக்கத் தொடங்கியவர், ஏறக்குறைய ஐந்து நிமிடம் அப்படியே இருந்துவிட்டார். கடைசியில் எச்5 ஆடினார், அது சரியான நகர்வுதான். அங்கே வழக்கம்போல ஈ6 ஆடினால் ஜி4 வரும், பிஷப் ஈ4க்கு ஓடினால் எஃப்3, ஜி6க்குத் திரும்பினால் எச்5, பிஷப் முடிந்தது. அதைக் கண்டுபிடித்ததற்காக அவரைப் பாராட்டலாம். ஆனால் நாலாம் நகர்விலேயே 15 நிமிடத்தில் ஐந்து போய்விட்டது.

நடு ஆட்டம் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. ராணிகள் மாறின, சின்னக் காய்களும் மாறின, வெள்ளை ஒரு சிப்பாய் முன்னால். கடைசியில் வந்த நிலை இது: வெள்ளை ராஜா டி5, ரூக் (கோட்டைக் காய், நேராகப் போகும்) ஏ7, சிப்பாய் ஈ5 (மூன்றாம் நகர்வில் அங்கே வந்த அதே சிப்பாய், ஆட்டம் முழுக்க அசையவில்லை). கறுப்பு ராஜா ஈ8, ரூக் எச்6. பிலிடோர் நிலை. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு இசையமைப்பாளர் பிலிடோர் சொல்லிவிட்டுப் போன டிரா. சிப்பாய் ஈ5 இல் நிற்கும்வரை கறுப்பு ரூக் ஆறாம் வரிசையிலேயே இங்கும் அங்கும் போய்வந்தால் போதும், வெள்ளை ராஜா முன்னேற முடியாது. கறுப்பும் அப்படித்தான் ஆடினார், பி6, எச்6, ஜி6, திரும்ப எச்6 என்று நிறைய நகர்வுகள். இரண்டு கடிகாரத்திலும் ஒரு நிமிடத்துக்குக் கீழே.

வெள்ளை ஈ6 தள்ளினார். இப்போது ஒரே ஒரு வேலைதான், ரூக்கை எச்1க்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடுக்கிறது. வெள்ளை ராஜா டி6 வந்தால் ரூக் டி1 செக், சி6 போனால் சி1 செக், ஈ5 திரும்பினால் ஈ1 செக். சிப்பாய் ஈ6க்குப் போய்விட்டதால் ராஜா ஒளிய அந்தக் கட்டம் இல்லை. கறுப்பு ரூக்கைத் தூக்கினார், ஒரு கணம் கை நின்றது, எச்8 இல் வைத்தார்.

ராஜா டி6. ஏ8 இல் மேட் மிரட்டல். கறுப்பு ராஜா எஃப்8 போனார், ஈ7 செக், அதோடு தோல்வியை ஒத்துக்கொண்டு கை கொடுத்துவிட்டார். ராஜா ஈ8க்குத் திரும்பினால் ரூக் ஏ8 செக், பிறகு எச்8 ரூக் போகும்.

என் கருத்து இதுதான்: இந்த ஆட்டம் தோற்றது ஈ6க்குப் பிறகு இல்லை, நாலாம் நகர்வில். 40 நகர்வு ஆடினால் கிடைக்கிற மொத்த நேரமே 22 நிமிடத்துக்கும் குறைவு, அதில் கால்வாசியை எச்5க்குக் கொடுத்துவிட்டார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆறாம்_வரிசை

அண்ணை, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த ஐந்து நிமிடம் கையில் இருந்திருந்தாலும் அவர் எச்8 தான் ஆடியிருப்பார். பிலிடோர் நிலையின் முதல் பாதி அவருக்குத் தெரியும், அதனால்தான் ஆறாம் வரிசையை விடாமல் நின்றார். இரண்டாம் பாதி தெரியாது, அல்லது எப்போதோ படித்து மறந்துவிட்டார். சிப்பாய் ஆறாம் வரிசைக்கு வந்தால் ரூக் முதலாம் வரிசைக்குப் போகவேணும் என்பது பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்தால் தானாகத் தோன்றுகிற விசயம் இல்லை. மனசு "ராஜாவைக் காப்பாற்று, ரூக்கைப் பக்கத்தில் கொண்டுவா" என்றுதான் சொல்லும். நேரப் பிரச்சினையையும் அறிவுப் பிரச்சினையையும் ஒன்றாக்க வேண்டாம்.

சாவகச்சேரி_அம்மா

வணக்கம். என்ர மகனும் அந்தப் போட்டியில் கீழ்ப்பலகையில் ஆடினவர், நானும் மண்டபத்தில் இருந்தனான். எனக்கு ஆட்டம் பெரிதாக விளங்காது, அதனால் ஒரு கேள்வி மட்டும். எச்8 இல் வைத்த பிறகு அந்தத் தம்பியின் முகம் மாறினது எனக்கே தெரிந்தது, கடிகாரத்தை அமத்தவும் கொஞ்சம் தாமதித்தார். அமத்தாதவரைக்கும் மாற்றி வைக்க ஏலாதா? பக்கத்தில் நின்ற ஒருவர் ஏலும் என்று சொன்னார். இன்னொன்று, பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் "அய்யோ" என்று சத்தம் போட்டுவிட்டார், அது பிழை இல்லையா?

நடுவர்_நல்லூர்

அம்மா, மாற்ற முடியாது. காயைத் தொட்டால் அந்தக் காயை ஆடவேணும். ஆனால் கையில் பிடித்திருக்கும்வரை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதை மாற்றலாம். கை விட்ட கணமே நகர்வு ஆடப்பட்டுவிட்டது. கடிகாரத்தை அமத்துவது அந்த நகர்வை முடித்துவைக்கிற வேலை மட்டும், மனம் மாறுவதற்கான இடைவெளி அது இல்லை. பக்கத்தில் நின்றவர் சொன்னது இந்த ஊரில் பல பெற்றோர் நம்புகிற விசயம், ஆனால் தவறு.

பார்வையாளர் சத்தம் போட்டது கட்டாயம் பிழைதான். பார்த்துக்கொண்டிருப்பவர் விதிமீறல் ஒன்றைக் கண்டால்கூட நடுவரிடம் மட்டும்தான் சொல்லலாம், ஆடுகிறவர்களிடம் எதையும் காட்டக்கூடாது. நானாக இருந்தால் அவரை அந்த இடத்தை விட்டு அனுப்பியிருப்பேன். நம் மண்டபங்களில் பெற்றோர் பலகைக்கு மேலேயே குனிந்து நிற்பதை எப்படியாவது நிறுத்தவேணும், பிள்ளைகளுக்கு மூச்சு முட்டுகிறது.

இந்த இழையில் இன்னும் சிலர் கேட்கக்கூடும் என்பதால் சேர்த்தே சொல்கிறேன். ரேபிட்டில் நகர்வுகளை எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. அதனால்தான் 50 நகர்வு விதிப்படி (காய் வெட்டாமலும் சிப்பாய் நகராமலும் 50 நகர்வு போனால்) டிரா கேட்பது சிரமம், எண்ணிக்கையை எதை வைத்து நிறுவுவீர்கள்? 75 ஆனால் நடுவர் தாமே நிறுத்தலாம். முதல் தடவை முறையற்ற நகர்வு ஆடினால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூட்டிக் கொடுப்போம், இரண்டாம் தடவை ஆட்டம் போய்விடும். "எனக்கு நேரம் குறைவு, எதிராளி வெல்ல முயலவே இல்லை, டிரா தாருங்கள்" என்று 15+10 இல் கேட்க முடியாது. அந்த வழி கூடுதல் நேரம் இல்லாத ஆட்டங்களுக்கு, அதுவும் முன்கூட்டியே அறிவித்திருந்தால் மட்டும்.

பருத்தித்துறை_வெள்ளை

அந்த ஆட்டத்தில் வெள்ளைக்கு ஆடியது நான்தான். கறுப்புக்கு ஆடியவர் என் நண்பர், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அது டிரா என்று எனக்கு முழுமையாகத் தெரியும். ஈ5 இல் சிப்பாயை வைத்துக்கொண்டு செய்யக்கூடியதை எல்லாம் செய்து பார்த்தேன், ரூக்கை ஏ8க்குக் கொண்டுபோய்ச் செக் கொடுத்தேன், ராஜாவை சி5க்கு நகர்த்தி அவருடைய ரூக்கைத் துரத்தினேன், அவர் ஒவ்வொன்றுக்கும் மூன்று நாலு செக்கனில் பதில் வைத்தார். அவர் எவ்வளவு வேகமாக ஆறாம் வரிசையில் போய்வந்தாரோ, அவ்வளவுக்கு அது பழக்கமாகிவிட்டது என்று எனக்கு விளங்கியது. அப்போதுதான் ஈ6 தள்ளினேன். அது நிலையை இன்னும் சுலபமான டிராவாக்குகிற நகர்வு என்று யாரும் சொல்லலாம், புத்தகப்படி அது உண்மை. ஆனால் ஈ6 வந்த பிறகு அவர் பழைய நகர்வையே திரும்ப ஆட முடியாது, புதிதாக ஒரு முடிவு எடுக்கவேணும், கையில் பத்துப் பதினைந்து செக்கன். ரேபிட்டில் எதிராளியிடம் முடிவு கேட்பதே ஒரு தாக்குதல்தான்.

அவர் ரூக்கைத் தூக்கியபோது கை கீழே, என் பக்கத்துக்குத்தான் முதலில் அசைந்தது. எச்1 போகப் போகிறார் என்றே நினைத்தேன். பிறகு திரும்பியது. அதனால் அறிவு இல்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அறிவு இருந்தது, அதை நம்புவதற்கு வேண்டிய அரை நிமிடம் இல்லை.

கொக்குவில்_ரூக்

நன்றி தம்பி. நான் சொல்ல வந்ததை நீங்கள் என்னை விட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். அந்த அரை நிமிடம் எங்கே போனது? நாலாம் நகர்வுக்கு.

ஆறாம்_வரிசை, இதற்கும் பதில் சொல்லுங்கள். 2023 ஏப்ரலில் அஸ்தானாவில் டிங் லிரெனும் நெபோம்னியாச்சியும் 14 ஆட்டத்தில் 7-7. உலகப் பட்டத்தைத் தீர்மானித்தது ரேபிட், 25 நிமிடமும் 10 செக்கனும். முதல் மூன்றும் டிரா. நாலாவதில் டிங் கறுப்பு, கடிகாரத்தில் நேரம் மிகக் குறைவு, நெபோ செக் கொடுத்துக்கொண்டே டிராவாக்கப் பார்க்கிறார். எல்லோரும் ராஜாவை நகர்த்தித் திரும்பத் திரும்ப அதே நிலைக்கு வருவார் என்று நினைத்த இடத்தில் டிங் 46ஆம் நகர்வாக ரூக்கை ஜி6 இல் குறுக்கே வைத்தார், தன் ரூக்கைத் தானே ராஜாவுக்கு மறைப்பாக நிறுத்தி விலக முடியாதபடி கட்டிப்போட்டுக்கொண்டு! அதற்குப் பிறகு ஆட்டத்தை வென்று உலகச் சம்பியன் ஆனார். குறைந்த நேரத்தில் ஒரு மனிதன் பழக்கத்தை உடைத்து முடிவு எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்ட முடிவுக்கு ஒரு நிமிடமாவது வேணும். டிங்கிடம் அது இருந்தது.

ஆறாம்_வரிசை

டிங்கின் உதாரணம் எனக்குத்தான் சாதகம் அண்ணை. நேரம் இருந்ததால் மட்டும் அவர் அதை ஆடவில்லை, நிலையின் ஆபத்து எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய கண் அது. சரி, நாலாம் நகர்வையே எடுப்போம். காரோ-கானை ஆயுதமாக வைத்திருக்கிற ஒருவர் எச்4க்கு ஐந்து நிமிடம் யோசிக்கிறார் என்றால் அதுவும் படிக்காததால் வந்த வினைதானே? இன்று எச்4 அரிதான நகர்வு இல்லை, இணையத்தில் ஒவ்வொரு நாளும் வருகிறது. அங்கேயும் அறிவு, இங்கேயும் அறிவு. நேரம் என்பது அறிவு இல்லாததற்கு நாங்கள் கட்டுகிற விலை.

பருத்தித்துறை_வெள்ளை

இந்தக் கடைசி வரியை நான் ஏற்கிறேன். எச்4 ஆடியதே அவர் அதை அடிக்கடி சந்தித்திருக்க மாட்டார் என்று நினைத்துத்தான்.

கோண்டாவில்_சிப்பாய்

பெரிய ஆட்களின் கதைக்கு நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறேன், எங்களுக்கு ரேபிட் மட்டும்தான் ஆடக் கிடைக்கிறது. பெரிய கிளாசிக்கல் (நீண்ட நேர ஆட்டம்) போட்டி என்றால் பெரும்பாலும் கொழும்பு, போய்வர யாழ்தேவி ரயிலோ இரவு பஸ்ஸோ, ஒரு பக்கம் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், தங்குவதற்கு யாராவது சொந்தக்காரர் வேணும், ரியூசன் நாலைந்து நாள் போய்விடும். ரேபிட் என்றால் காலையில் சைக்கிளில் போய் ஏழு சுற்றும் ஆடிவிட்டுப் பொழுதுபடுவதற்குள் வீட்டில். அதனால் எங்கள் ஆட்டம் எல்லாம் வேகமாகவே வளர்கிறது. நான் பார்த்தவரை எங்கள் வயதுப் பெடியள் தொடக்கத்தில் 15 நகர்வு மனப்பாடம், தந்திரக் கணக்குகள் போனில் நன்றாகப் போடுவார்கள், ரூக் எண்ட்கேம் (ரூக்கும் சிப்பாயும் மிஞ்சுகிற கடைசிக் கட்டம்) என்றால் யாருக்கும் பொறுமை இல்லை. அது எப்படியும் ஒருவருக்கு நேரம் முடிந்து தீர்ந்துவிடும் என்ற நினைப்பு.

மானிப்பாய்_பழையவர்

தம்பி கோண்டாவில், நீர் சொன்னது மிகவும் சரி, மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. நான் இதை நீண்ட காலமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்: வடக்கில் பிள்ளைகளுக்கு ரேபிட்டை மட்டுமே கொடுத்து வளர்ப்பது அவர்களின் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்துகிற வேலை. கிளாசிக்கலில் ஒரு ரூக் எண்ட்கேமை ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து காப்பாற்றிய பிள்ளை அதை வாழ்க்கையில் மறக்காது. ரேபிட்டில் தோற்றால் அடுத்த சுற்றுக்கு 20 நிமிடம், ஒரு வடை, ஒரு ரீ, என்ன நடந்தது என்றே பார்க்காமல் போய் அடுத்த பலகையில் உட்கார்ந்துவிடும்.

ரேபிட்டைத் தாழ்த்திச் சொல்லவில்லை. விஸ்வநாதன் ஆனந்த் 2017 இல் ரியாத்தில் உலக ரேபிட் பட்டம் எடுத்தபோது அவருக்கு 48 வயது. கொனேரு ஹம்பி பெண்கள் உலக ரேபிட் பட்டத்தை 2019 இல் ஒரு தடவை, 2024 இல் இன்னொரு தடவை எடுத்தார். இவர்கள் எல்லோரும் கிளாசிக்கலில் ஊறி வந்தவர்கள், அந்த ஆழத்தை வேகமாக எடுத்துப் பாவிக்கிறார்கள். 2018 உலகப் பட்டப் போட்டியில் கார்ல்சனும் கருவானாவும் 12 கிளாசிக்கல் ஆட்டமும் டிரா, ரேபிட்டில் கார்ல்சன் 3-0. கருவானாவுக்குச் சதுரங்கம் தெரியாதா? தெரிந்ததை உடனே எடுக்கிற ஆற்றலில் அன்றைக்கு அவ்வளவு இடைவெளி இருந்தது. எடுக்கிறதுக்கு உள்ளே முதலில் ஏதாவது இருக்கவேணுமே, அதை எங்கள் பிள்ளைகளுக்கு எப்போது போடப் போகிறோம்?

நடுவர்_நல்லூர்

ஐயா, கிளாசிக்கல் இங்கே நடத்துவதற்கு மண்டபம் நாலு நாள் வேணும், நடுவர்கள் நாலு நாள் விடுப்பு எடுக்கவேணும், வருகிற பிள்ளைகளுக்குச் சாப்பாடு. ஒரு ஞாயிறு கேட்டால் பாடசாலைகள் தருகின்றன, நாலு நாள் என்றால் தவணை விடுமுறைக்குள்தான் அடக்கவேணும். ஆசை இல்லாமல் இல்லை.

மானிப்பாய்_பழையவர்

தெரியும். அதனால்தான் சொல்கிறேன், விடுமுறையில் ஒரு போட்டியாவது. வார இறுதி இரண்டு நாளில் ஆளுக்கு 60 நிமிடம், 30 செக்கன் கூடுதல் என்று வைத்தாலும் நாலு சுற்று ஆடலாம். பரிசு வேண்டாம், கேடயம் வேண்டாம், பேச்சாளர்களும் வேண்டாம்.

சாவகச்சேரி_அம்மா

நடுவர் சேர், விளக்கத்துக்கு நன்றி. மகனுக்குக் காட்டினேன், அவருக்கும் கை விட்டால் முடிந்தது என்று தெரிந்திருக்கவில்லை, கடிகாரம்தான் கணக்கு என்று நினைத்திருக்கிறார்.

ஐயா சொன்ன பெரிய போட்டி எப்போது வருமோ. அதுவரைக்கும் வீட்டில் இந்த ரூக் விசயத்தை எப்படிப் பழக்குவது? எங்களிடம் கடிகாரம் இல்லை, போன் மட்டும்தான் இருக்கு, நான் எதிரில் இருந்து காய் நகர்த்தத் தயார், ஆனால் ஆடத் தெரியாது.

கொக்குவில்_ரூக்

அக்கா, நீங்கள் எதிரில் இருந்தாலே போதும். போனில் சதுரங்கக் கடிகாரச் செயலி இலவசமாகக் கிடைக்கும், ஆளுக்கு ஒரு நிமிடமும் நகர்வுக்கு 10 செக்கனும் வையுங்கள். பலகையில் நான் மேலே எழுதிய நிலையை அடுக்குங்கள். நீங்கள் வெள்ளை. உங்கள் ராஜாவையும் ரூக்கையும் விருப்பப்படி நகர்த்திக்கொண்டிருங்கள், ரூக்கை மட்டும் அவர் பிடிக்கிற இடத்தில் வைக்காதீர்கள், நினைத்த நேரத்தில் சிப்பாயை ஈ6க்குத் தள்ளுங்கள். எப்போது தள்ளுவீர்கள் என்று அவருக்குத் தெரியக்கூடாது, அதுதான் முக்கியம். தள்ளின உடனே அவருடைய ரூக் முதலாம் வரிசைக்கு இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். அது யோசிக்காமல் நடக்கத் தொடங்கினால் பலகையை மாற்றிச் சிப்பாயை டி5 இல் வைத்து, பிறகு எஃப்5 இல் வைத்து ஆடுங்கள். ஒரே கட்டத்தைப் பாடமாக்கினால் போட்டியில் வேறு கட்டம் வரும்போது கை திரும்ப எட்டாம் வரிசைக்கே போகும்.

அவருக்கு இது அலுத்துப்போனால் பக்கத்தை மாற்றி அவரை வெள்ளைக்கு விடுங்கள், நீங்கள் வேணுமென்றே எச்8 ஆடுங்கள். ராஜா டி6, ஏ8 இல் மேட் என்பதைத் தானே கண்டுபிடிக்கட்டும், சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

ஆறாம்_வரிசை

இதில் ஒன்றைச் சேர்க்கவேணும், இல்லாவிட்டால் பிள்ளை தவறாக விளங்கிக்கொள்ளும். ரூக்கை எட்டாம் வரிசையில் வைத்துக் காப்பது எல்லா நிலையிலும் தோல்வி இல்லை. சிப்பாய் ஜி அல்லது பி நெடுவரிசையில் இருந்து, ராஜாவும் அதற்கு முன்னால் நின்றால் எட்டாம் வரிசையில் ரூக்கை வைத்தே டிரா எடுக்கலாம், ஏ, எச் நெடுவரிசைச் சிப்பாய்க்கும் அப்படித்தான். பலகையின் ஓரம் கிட்ட இருப்பதால் வெள்ளை ரூக்குக்கு அந்தப் பக்கம் சுற்றிவர இடம் போதாது. நடுவில் இருக்கிற சி, டி, ஈ, எஃப் சிப்பாய்க்குத்தான் அந்தக் காவல் உடையும். அந்த நண்பர் எச்8 வைத்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், ஜி சிப்பாய்க்குப் படித்ததை ஈ சிப்பாய்க்கு ஆடியிருக்கலாம்.

பருத்தித்துறை_வெள்ளை

இப்போதுதான் அவரிடம் கேட்டேன். ஓம், அதேதான். ஜி சிப்பாய் நிலையைப் போன கிழமைதான் பார்த்தாராம்.